இருக்கையின் உள்பக்கம்

தமிழர் கைவினைகள் என்று வந்திருக்கிற நூல்களைப் புரட்டிப் பாருங்கள். செப்புத் திருமேனி இருக்கும். கல்தச்சு இருக்கும். தேர் இருக்கும், காஞ்சிப் பட்டு இருக்கும், பத்தமடைப் பாய் இருக்கும். தோல் என்று ஒரு பக்கம் வந்தால் அது தோற்பாவைக் கூத்தோடு முடிந்துவிடும். பாவைக்கு ராமன், சீதை என்று பெயர் இருப்பதால் அந்தத் தோலுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. நாற்காலி, சோபா, கட்டில் பற்றி எழுதியிருந்தால் மரத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். பர்மா தேக்கு, நூக்கு மரம், சிங்கமுகக் கைப்பிடி, செட்டிநாட்டு வேலைப்பாடு. உட்காருகிறவன் முதுகும் பிட்டமும் படுகிற இடம் மரமா? அதற்கு மேலே ஒரு மெத்தை இருக்கிறது, மெத்தைக்குள் சரக்கு இருக்கிறது, அதைத் தாங்க வாரோ நாடாவோ இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதைச் செய்தவன் யார் என்று எந்த நூலும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மறதியால் என்று நான் நினைக்கவில்லை.

சங்க இலக்கியத்தில் இதற்கு நேரடியான சாட்சியம் இருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்த எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பாட்டுகள்தான். சேர்த்துவைத்துப் படிக்கச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதலாவது நெடுநல்வாடை. பாண்டியன் நெடுஞ்செழியன் பாசறையில் இருக்கிறான், அரசி தனியே கிடக்கிறாள். அவள் கிடக்கிற கட்டிலை நக்கீரர் ரசித்து ரசித்து வர்ணிக்கிறார். நாற்பது வயது யானை, போரில் பட்டு விழுந்த யானை, அதன் கொம்பைச் சீவிச் செய்த வட்டக் கட்டில். மேலே முத்துத் தொங்கல். மெத்தைக்குள் பலவகை மயிர், அதற்கு மேலே துணையோடு சேர்ந்த அன்னத்தின் தூவி. அக்காலத்து ஆடம்பர இருக்கை ஒன்றின் முழு விவரம் இது. அந்தத் தந்தத்தை உளியால் செதுக்கினவனுக்குப் புலவர் தருகிற பெயர் ‘வல்லோன்’. கைதேர்ந்தவன் என்று பொருள்.

இரண்டாவது புறநானூற்று 82ஆம் பாட்டு. சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் எவ்வளவு வேகமாக இயங்கினான் என்று சொல்ல ஓர் உவமை தேடுகிறார். ஊரில் திருவிழா வந்துவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மழை இறங்குகிறது, பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். தோல்வாரைச் செலுத்துகிற அவன் கை ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகம் கிள்ளியின் போர். உலக இலக்கியத்தில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம், அவ்வளவு அருமையான உவமை. ஆனால் அந்தக் கட்டில் கட்டுகிறவனுக்குப் புலவர் தருகிற பெயர் ‘இழிசினன்’.

மரத்தையும் தந்தத்தையும் செதுக்கினால் வல்லோன். அதே கட்டிலுக்குத் தோல்வாரைப் பின்னினால் இழிசினன். இரண்டு பேருடைய கைக்கும் ஒரே கட்டில்தான்.

நான் படித்த கல்லூரியில் இந்தப் பாட்டை நடத்தினார்கள். உவமை நயம் என்று ஒரு தலைப்பு. விரைவு, மழை, மாலை, நிறையச் சொன்னார்கள். பொண்டாட்டி வலியில் துடிக்கிறபோது அவன் ஏன் வீட்டுக்குப் போகாமல் கட்டில் கட்டிக்கொண்டிருந்தான் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. போக முடியாது, அதனால்தான் போகவில்லை. திருவிழாவுக்குள் கட்டில் யாருக்கோ வேண்டும். ‘முடிச்சுக் குடுத்துட்டுப் போடா’ என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் நின்றிருப்பான். பாட்டில் அந்த ஆள் இல்லை. எங்கள் தெருவில் வளர்ந்தவனுக்கு அந்த ஆள் தெரிவான்.

இதே சாத்தந்தையார் பாடிய 287ஆம் பாட்டிலும் இழிசினன் வருகிறான். அங்கே அவன் கையில் முரசடிக்கிற கோல். பக்கத்தில் துடியடிக்கிற புலையன். ஆக, வாரைப் பின்னுகிறவனுக்கும் கோலால் அறைகிறவனுக்கும் ஒரே பெயர். இரண்டுக்கும் நடுவில் பொதுவாக இருப்பது செத்த மாட்டின் தோல். அந்தக் காலத்துத் தீண்டாமையைப் பற்றி ஜார்ஜ் ஹார்ட் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். சங்க காலத்தில் சாதியே இல்லை, ஆரியன் வந்து புகுத்தினான் என்று மேடையில் பேசுகிற நம் தோழர்கள் இந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முரசு கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்கு அரசன் விசிறி வீசினான் என்று புறநானூற்று 50ஆம் பாட்டை உருகி உருகிச் சொல்வார்கள். அந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்த முரசுக்குத் தோல் போர்த்தியவன் அதே கட்டிலில் தெரியாமல் படுத்திருந்தால் விசிறி வந்திருக்குமா, வாள் வந்திருக்குமா?

உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894இல். அந்தக் காலத்தில் சென்னை மாகாணத் தோல் இங்கிலாந்துச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் நிறம் தெளியவைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்த தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர், பல்லாவரம் எல்லாம் தோல் ஷாப்புகளால் பெருத்த ஊர்கள். முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள், ஏற்றுமதி வெள்ளைக்காரக் கம்பெனி. சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர்கள் பறையரும் சக்கிலியரும். அந்தத் தோல்தான் சீமையில் பூட்ஸாகவும் புத்தக அட்டையாகவும் நாற்காலி உறையாகவும் ஆனது. இதையெல்லாம் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904இல் மாகாணத் தோல் தொழில் பற்றிய ஒரு நூலாக எழுதினார். பட்டை, தொட்டி, விலை, ஏற்றுமதி எல்லாம் அதில் பேசப்படுகின்றன. குரோம் முறையை இங்கே கொண்டுவர முயன்ற ஆளும் அவர்தான். பிறகு பல்லாவரத்துக்குப் பக்கத்தில் வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் ஒரு ஊரே குரோம்பேட்டை ஆயிற்று. சக்கிலியன் உழைத்த தோலால் ஊருக்குப் பெயர் வந்தது. அவன் குடியிருந்த இடத்துக்கு மட்டும் எப்போதும் அவன் சாதிப் பெயர்தான்.

அதே நூற்றாண்டில்தான் இருக்கை என்ற பொருளே மாறியது. 1822இல் வியன்னாவில் கியோர்க் யூனிக்ல் என்ற மெத்தைத் தொழிலாளி இரும்புச் சுருள்வில் வைத்த இருக்கைக்கு உரிமம் வாங்கினான். 1828இல் இங்கிலாந்தில் சாமுவேல் பிராட் வாங்கினான். கவனியுங்கள், அங்கே மெத்தை தைத்தவன் பெயர் உரிமத்தில் இருக்கிறது. அவன் வரலாற்றில் வந்துவிட்டான். அந்த ஸ்பிரிங் சோபா கப்பலேறி இங்கே கலெக்டர் பங்களாவுக்கும் ஜமீன் மாளிகைக்கும் வந்தது. வந்த பிறகு பழுது பார்க்கவும், அதைப் பார்த்து இன்னொன்று செய்யவும் ஆள் வேண்டும். மவுண்ட் ரோட்டில் பெரிய மரச்சாமான் கம்பெனிகள் வந்தன. ஆசாரி சட்டம் போட்டான். இரும்பு வில்லை நிறுத்தி, சணலில் கட்டி, நார் திணித்து, தோல் இழுத்து ஆணியடிக்கக் குத்தூசி பிடித்துப் பழகின கை வேண்டும். அந்தக் கை யாருடைய தெருவில் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சோழபுரம். மேற்கே மலை, நடுவில் கண்மாய், வயல், தென்னந்தோப்பு. நாங்கள் இருப்பது சக்கிலியக்குடி. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். தாத்தா காலத்தில் தொழில் கமலைத் தோல். கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற சாலுக்குத் தோலும் வாலும் தைத்துக் கொடுப்பது, மாட்டுக்கு வார், சம்சாரிக்குச் செருப்பு. கூலி காசாக இல்லை, களத்தில் அளக்கிற தானியமாக. மாடு செத்தால் இழுக்க வேண்டியது கடமை, தோல் எடுத்துக்கொள்வது உரிமை. கடமையையும் உரிமையையும் ஒரே பிணத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

மின்சாரமும் பம்புசெட்டும் வந்தபோது கமலை போயிற்று. ஐம்பதுகள், அறுபதுகளில் இது எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் நடந்தது. விவசாய வளர்ச்சி என்று அதை எழுதுகிறவர்கள், கிணற்றடியில் ஒரு தொழில் செத்த கதையை எழுதுவதில்லை. ரப்பர் செருப்பு வந்து மிச்சத்தையும் முடித்தது. எங்கள் ஆட்களுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. தீப்பெட்டிக் கட்டு ஒட்டலாம். நகராட்சியில் போய்க் கூட்டலாம், அள்ளலாம். இல்லையென்றால் குத்தூசியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்க் குஷன் கடையில் நிற்கலாம். பெரும்பாலோர் இரண்டாவது வழிக்குத்தான் தள்ளப்பட்டார்கள். தோலை விட்டால் மலம் என்று சமூகம் எங்களுக்கு ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருந்தது. என் தாய்மாமா மூன்றாவது வழியில் போனவர்.

குஷன் வேலையைப் பற்றி நான் எழுதுவது அவர் கையைப் பார்த்து. பழைய முறை சோபா ஒன்று செய்வதை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் இதை எழுதிவைத்தவர் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆசாரி சட்டத்தைக் கொண்டுவந்து போடுவார். முதலில் அதன் அடியில் சணல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைகிற மாதிரி முடைந்து இழுக்க வேண்டும். இழுக்கிற இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. விரலால் சுண்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் கேட்க வேண்டும். ‘தொய்வா விட்டா ரெண்டு வருசத்துல குழி விழுந்துரும் மாப்ள. ரொம்ப இழுத்தா சட்டம் வளைஞ்சுரும்’ என்பார் மாமா. நாடா ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் ஸ்பிரிங்கை நிறுத்திக் கோணி ஊசியால் தைக்க வேண்டும். பிறகு மேல்தலையைச் சணலால் கட்ட வேண்டும். முன்னுக்குப் பின், இடத்துக்கு வலம், மூலைக்கு மூலை என்று ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் எட்டுப் பக்கம் கட்டு. ஒரு கட்டு விட்டால் உட்காரும்போது ஸ்பிரிங் ஒருபக்கம் சாய்ந்து கிறீச்சிடும். இந்த வேலைக்கு அளவுகோல் கிடையாது. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். ஓரத்தில் இருக்கிற ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெளிச்சாய்வாகக் கட்டுவார், உட்காருகிறவன் பாரம் விழும்போது அது நேராக நிற்கும்.

அதன்மேல் சாக்கு. சாக்கின்மேல் நார். தேங்காய் நாரை அப்படியே திணிக்க முடியாது. விரலால் பிரித்து, சிக்கெடுத்து, கல்லும் தும்பும் பொறுக்கி, சுருள் சுருளாக்கி வைக்க வேண்டும். சீமையில் இதற்குக் குதிரைமுடி போட்டார்கள். குதிரைமுடி அமுங்கினால் எழும். நார் வருசம் போகப் போக மட்டமாகும். அதனால் நாரை முதலிலேயே நிறைய வைத்து அழுத்தித் தைக்க வேண்டும். முன் ஓரத்தில் நாரைச் சாக்கோடு சேர்த்து உருட்டி, கயிறு மாதிரி ஒரு விளிம்பு தைப்பார்கள். தொடை வந்து முட்டுகிற இடம் அது. விளிம்பு சரியில்லையென்றால் கால் மரத்துப்போகும். உட்காருகிற பணக்காரனுக்குக் கால் ஏன் மரத்தது என்று தெரியாது, குஷன்காரனுக்குத் தெரியும். அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் காடாத் துணி, அதற்கப்புறம்தான் வெளியே தெரிகிற துணியோ தோலோ. ஆணியை வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிப்பார்கள். ஒரு கை இழுக்கிறது, இன்னொரு கையில் சுத்தியல். ஆணிக்கு மூன்றாவது கை வேண்டும், அது வாய். மாமாவுக்கு நடுவில் ரெண்டு பல் தேய்ந்திருக்கும்.

தோல் உறை என்றால் இன்னும் கவனம். மாட்டின் முதுகுத்தோல் ஒருமாதிரி, வயிற்றுத்தோல் ஒருமாதிரி. வயிற்றுத்தோல் இழுத்தால் இழுபடும், பிறகு சுருங்காது. அதை உட்காருகிற இடத்தில் போட்டால் பை மாதிரித் தொங்கும். முதுகைத்தான் அங்கே வைக்க வேண்டும். இதைத் தாத்தா எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. கமலைச் சாலுக்கு எந்தப் பக்கத்துத் தோல் தாங்கும் என்று தெரிந்திருந்ததால் சோபாவுக்கும் தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் தாங்கின அறிவு பங்களாவில் ஆளைத் தாங்கியது.

ஒரு சோபாவை இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஊரே அதற்குள் இருக்கிறது. இலவம்பஞ்சு எங்கள் மலையடிவாரத்திலும் போடிப் பக்கமும் விளைவது. பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும். நுரையீரல் முழுக்கப் பஞ்சுத்தூசி ஏற அதைக் கொட்டி விதை எடுப்பது பெண்கள். வில்லால் பஞ்சு அடித்துக் கொடுப்பது ஏழை முஸ்லிம்கள், பஞ்சுகொட்டி என்பது அவர்கள் பெயரே ஆகிவிட்டது. நார், மட்டையை ஊறப்போட்டு அடித்து எடுப்பது. அழுகின தண்ணீரில் நின்று அதைச் செய்ததும் பெண்கள். கடுக்காயை மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது பளியர்கள். அவர்கள் மலை இப்போது முதலில் அணில் சரணாலயம், 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். புலிக்கு இடம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பளியனுக்கு எங்கே இடம்?

வெளியே தெரிகிற மரத்துக்கு விஸ்வகர்மா என்ற தெய்வம் இருக்கிறது, பூணூல் இருக்கிறது, சிற்ப நூல் இருக்கிறது. உள்ளே போகப் போகப் பெயர் குறைகிறது. ஆனால் தோல் உறை இந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. அது வெளியே இருக்கிறது, எல்லாரும் தொடுகிறார்கள், தடவிப் பார்க்கிறார்கள். எப்படி இந்தத் தீட்டு ஒட்டாமல் போயிற்று? சாயம் போட்டு மெருகேற்றி ‘லெதர்’ என்று சொன்னதும் தோல் தன் சாதியை விட்டுவிடுகிறது. எங்கள் தெருவில் காயப்போட்டிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போகிறவர், அதே தோலை வக்கீல் ஆபீசில் ‘ஒரிஜினல் லெதர் சார்’ என்று காட்டுகிறார். தோலுக்கு இங்கிலீஷ் தெரிந்ததும் சாதி போயிற்று. அதை உரித்தவன் பிள்ளை இங்கிலீஷ் எம்.ஏ. படித்தாலும் போகவில்லை.

அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியது எல்லாருக்கும் தெரியும். சதாராவில் பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக்கூடாது. ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்துணியில் உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டுகிறவன் அந்தச் சாக்கைத் தொடமாட்டான், சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் கொண்டுவர வேண்டும். நான் மாமா கடையில் சாக்கு வெட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைப்பேன். எந்த ஜமீன் சோபாவைக் கிழித்தாலும் மெத்தைக்கு அடியில் அந்தச் சாக்குத்தான் இருக்கிறது.

உட்காருவது என்பது இந்த நாட்டில் சும்மா ஒரு உடம்பு வேலை இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி செய்த போராட்டம் என்ன? வில்வண்டி ஒன்றை வாங்கி, அதில் ஏறி உட்கார்ந்து, புலையர் நடக்கக்கூடாத தெருவில் போனார். வில்வண்டி என்பது பட்டைவில் வைத்த வண்டி, மேல்சாதி மெத்தை போட்டு உட்கார்ந்து போவது. நடக்கிற உரிமைக்காக அவர் உட்கார்ந்து போனார்.

எங்கள் பக்கம் டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்சு, சேர், சோபா என்று டிக்கெட் இருந்தது. சினிமா எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது, சாதியை உடைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். கூரை ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். தரைக்கும் சோபாவுக்கும் நடுவில் காசு மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் எங்கள் அவ்வா சிரிக்கும். ‘காசு இருந்தா மட்டும்? சோபாவுல நம்ம பண்ணையாரு உக்காந்திருப்பாரு, பக்கத்துல போயி உக்காருவியா நீயி?’ அந்தச் சோபாவுக்கு உறை மாற்றப் பகலில் போய் அதில் ஏறி உட்கார்ந்து ஆணியடித்துவிட்டு வந்தவர், ராத்திரி மணலைக் கூட்டி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எம்.ஜி.ஆர். பார்த்திருக்கிறார். அவர் மாமாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆள்.

1997இல் எனக்கு ஏழு வயது. அந்த ஆண்டு விருதுநகர் மாவட்டத்துக்கென வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகத்தை அரசு அறிவித்தது. கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனோடு போரிட்ட தேவேந்திரர் அவர். மாநிலம் முழுக்கப் பஸ்களுக்குத் தலைவர்கள் பெயர் இருந்தது, எல்லாச் சாதித் தலைவர்கள் பெயரும் இருந்தது. பள்ளன் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் எரிந்தது. ஊர் ஊராகத் தாக்குதல், உயிர்ப்பலி. கடைசியில் அந்த ஜூலையில் அரசு எல்லா மாவட்டங்கள், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரைப் பொறுக்க முடியாமல் எல்லாப் பெயரையும் அழிக்கத் துணிந்த நாடு இது. மாமா அப்போது பஸ் சீட்டுக்கு உறை தைக்கிற ஒரு பட்டறையில் கூலி. பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்: ‘பஸ்ஸு நெத்தியில பேரு இருந்தா ஏறமாட்டானாம். சீட்டு பூராம் நம்ம கைதான். அதுல ஏறி நல்லா சாஞ்சு உக்காந்துதான் போனான்.’

அதே காலத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதால் பத்து வருடம் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2006இல்தான் நடந்தது. கொட்டகச்சியேந்தல் எங்கள் மாவட்டம். மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டினார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவராக இருந்த பெண்ணைத் தரையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தின புகைப்படத்தை நாடே பார்த்தது. அந்த நாற்காலிகள் மெத்தை வைத்த தேக்கு நாற்காலிகள்கூட இல்லை, கடையில் விற்கிற சாதாரண நாற்காலிகள்.

இங்கே நமக்குள் ஒரு விவாதம் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் பறையை நாம் மேடைக்குக் கொண்டுவந்தோம். இழிவென்று சொன்னதை விடுதலைக் கலை என்று மாற்றினோம். நல்லதுதான். அதற்கு எதிராகவும் நம் ஆட்களே பேசினார்கள். பறை அடிக்காதே, பிணத்துக்குப் போகாதே, மாடு தூக்காதே, இதுதான் முதல் போராட்டம் என்றார்கள். 1927இல் மகாடில் அம்பேத்கரும் செத்த மாட்டை விடச் சொன்னார். இந்த இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், கொண்டாடினாலும் சரி, விடச் சொன்னாலும் சரி, பேச்சு முழுக்கப் பறையைப் பற்றித்தான். குத்தூசியை யாரும் மேடையில் ஏற்றவில்லை. அது சத்தம் போடாது. தைக்கிறவன் குனிந்து உட்கார்ந்திருப்பான், ஆடமாட்டான். தலித் கலை இரவில் அவனைக் கூப்பிட்டு என்ன செய்யச் சொல்வது? தலித்துக்குள்ளேயே சக்கிலியன் கடைசி என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எல்.சி.குருசாமி அந்தக் காலத்திலேயே சட்டமன்றத்தில் போய் அருந்ததியருக்கென்று பேசினார், பள்ளிக்கூடம் நடத்தினார். தலித் முன்னோடிகள் பட்டியலில் அவர் பெயர் எத்தனாவதாக வருகிறது, வருகிறதா? 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எதிர்த்து வழக்குப் போட்டதில் நம் சகோதரர்களும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு முதல் தேதி உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னது. அதற்குப் பதினைந்து வருடம்.

நான் கைவினையைக் காப்பாற்றுங்கள் என்று எழுதவில்லை. பாரம்பரியத் தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிற ஆட்களைப் பிரித்து அடுக்கிவைப்பது என்று 1936இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். என் மகன் குத்தூசி பிடிக்க வேண்டாம். ஆனால் தொழிலை விடுவது வேறு, தொழிலில் இருந்த அறிவை அடுத்தவன் பெயரில் எழுதவிடுவது வேறு. ஆசாரி மகன் இன்ஜினியரானால் ‘எங்க பரம்பரையே இன்ஜினியர்தான்’ என்கிறான். எங்கள் பிள்ளை தோல் தொழில்நுட்பம் படிக்க அடையாறு போனால், அங்கே அவனுக்கு ஆவாரம்பட்டையைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். அவன் தாத்தா அதில் கை ஊறினவர் என்று சொல்ல அவனுக்கே கூச்சம். 1948இல் அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தபோது அவர்கள் கையில் இருந்த முதல் நூலகம் எங்கள் தெருக்கள்தான்.

இப்போது அந்தப் பழைய முறையும் ஏறக்குறையப் போய்விட்டது. 1929இல் டன்லப் கம்பெனியில் ரப்பர் பாலை நுரைக்கவைத்து மெத்தையாக்கினார்கள். அதற்கப்புறம் எண்ணெயிலிருந்து எடுக்கிற ஃபோம். ஸ்பிரிங் கட்ட வேண்டாம், நார் பிரிக்க வேண்டாம், கத்தியால் அறுத்துப் பசை தடவினால் போதும். மான்செஸ்டர் பக்கத்தில் பிறந்த ரெக்ஸின் என்ற பெயர் நம் ஊரில் தோல் மாதிரி இருக்கிற எல்லாத் துணிக்கும் ஆகிவிட்டது. ஆணியை வாயில் வைக்க வேண்டாம், காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. ஃபோம் சோபா ஏழெட்டு வருடத்தில் உட்கார்ந்துபோகும். ஸ்பிரிங்கும் நாரும் வைத்து ஒழுங்காகக் கட்டினது ஒரு தலைமுறை தாங்கும், கிழித்துத் திரும்பக் கட்டலாம். இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. திரும்பக் கட்டுகிற வேலை இருந்தால்தான் குஷன்காரனுக்குக் கூலி.

தொண்ணூறுகளுக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலி எங்கள் தெருவுக்கு வந்தது. அச்சில் ஊற்றி எடுக்கிறது, ஒரு ஆணி கிடையாது, ஒரு தையல் கிடையாது, யார் கையும் அதில் இல்லை. தீட்டு ஒட்ட இடமில்லாத நாற்காலி என்று நினைத்தோம். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்து வாசலில் வரிசையாகப் போட்டு எங்கள் ஆட்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். வயசான ஒருத்தர் உட்காரவே மாட்டேன் என்று நின்றார். ரோட்டில் பண்ணையார் வண்டி போகும், அதுவரைக்கும் நிற்கிறேன் என்றார். மாமா அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். ‘சும்மா உக்காருங்க சித்தப்பா. இது நம்ம காசு.’ வண்டி வந்தது. அவர் எழுந்திரிக்கப் போனார், மாமா கையை எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஊரில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது, ஒரு தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு வேலை இல்லை என்று சொன்னார்கள், பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் தேங்காய் பறிக்க ஆள் இல்லாமல் அவர்களே கூப்பிட்டு விட்டார்கள்.